ஹைடாடிட் தண்ணீர்க் கட்டி: படத்தின் மூலம் நோயை அறியும் விதம்

உடுமலைப்பேட்டை, தாராபுரம், காங்கயம் தாலூகாக்களில் ஆடு வளர்க்காத குடியானவர் வீடு அபூர்வம். மழை குறைந்த கொறங்காடுகளில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து வளரும் செம்மறிகளே, பயிர் பொய்த்த வருஷங்களில் குடும்பத்துக்குக் கைகொடுப்பவை. ஆட்டுப் பட்டி உள்ள இடத்தில் அதைக் காக்க நாயும் இருக்கும். இவ்விதம் ஆடும் நாயும் மனிதரும் நெருங்கி வாழுமிடங்களில் உண்டாகும் வியாதிகளுள் ஹைடாடிட் தண்ணீர்க் கட்டி ஒன்றாகும். ஆட்டை அறுக்கும்போது ஈரலிலும் நுரையீரலிலும், நெல்லிக்காய் அளவு முதல் எலுமிச்சம்பழ அளவு வரையிலும், சில சமயம் அதனினும் பெரிதாகவும், தெளிந்த நீர் நிறைந்த வெண்மையான கட்டிகள் இருப்பதைப் பலர் பார்த்திருக்கக் கூடும். அதே கட்டி மனிதர் உடம்பிலும் உண்டாகிறது என்பதை அறிந்தவர் சிலரே.

இந்தியாவில் இந்நோய் பல ராஜ்யங்களில் காணப்பட்டாலும், ஆந்திரப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் அதிகம் என்று வைத்திய நூல்கள் கூறுகின்றன. கர்நூல் ஜில்லாவில் இது பரவியுள்ள விதத்தைப் பற்றி 1968-ஆம் வருஷத்திலேயே ஓர் ஆராய்ச்சி வெளியாகியிருக்கிறது. ஹைடாடிட்டும் அதன் இனத்தைச் சேர்ந்த நோய்களும் எந்தச் சமயத்திலும் உலகில் 10 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களிடம் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது.

ஆட்டின் ஈரலில் உள்ள கட்டியை அறுத்துப் பார்க்கலாம். உயிரோடிருக்கும் மனிதரின் ஈரலில் உள்ள கட்டியைப் படத்தின் மூலமாகவே முதலில் பார்க்க வேண்டும். கட்டி இன்னதென்றும், அது எந்தப் பருவத்தில் இருக்கிறதென்றும், அதனால் உபத்திரவம் தொடங்கிவிட்டதா என்றும் படம் காட்டுகிறது. இம்மூன்றும் தெரிவதற்கு முன் அக்கட்டியில் ஊசியோ கத்தியோ படலாகாது. இதற்குக் காரணம் யாதென்பதையும், நோய் வராமல் தடுக்கும் வழியையும் கீழே காணலாம்.

1. நோய் உண்டாகும் விதம்

இந்நோய்க்குக் காரணம் எக்கினோகாக்கஸ் என்னும் மிகச் சிறிய நாடாப்புழு. இது நாயின் சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு வாழ்வது. இதன் நீளம் 3 முதல் 7 மில்லிமீட்டர்தான். அதாவது ஓர் அரிசி மணியளவுகூட இராது. ஒரு நாயின் குடலில் இவ்விதப் புழுக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய் மெலிவதில்லை. பார்வைக்கு நல்ல சுகத்துடனேயே இருக்கும். புழுவின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளிப்பட்டு மேய்ச்சல் நிலத்திலும், கீரைப் பாத்திகளிலும், தண்ணீரிலும், நாயின் ரோமத்திலும் படிகின்றன. கடும் வெயிலிலும் வறட்சியிலும் இம்முட்டைகள் விரைவில் மடியும். நிழலும் ஈரமும் உள்ள இடங்களில் பல மாதங்கள் உயிரோடிருக்கும்.

முட்டை படிந்த புல்லை ஆடோ, மாடோ, எருமையோ தின்றால், குடலில் முட்டை உடைந்து, அதிலிருந்து வெளிப்படும் நுண்ணிய குஞ்சு ரத்தத்தின் வழியே ஈரலை அடைந்து நீர்க் கட்டியாக வளர்கிறது. அக்கட்டியுள்ள ஈரலை நாய் தின்றால், அதனுள்ளிருக்கும் வித்துக்கள் நாயின் குடலில் மறுபடியும் புழுக்களாகின்றன. நாயிலிருந்து ஆட்டுக்கும் ஆட்டிலிருந்து நாய்க்குமாக இச்சக்கரம் ஓயாமல் சுற்றுகிறது. மனிதர் இதில் தற்செயலாக அகப்பட்டுக்கொள்கின்றனர். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்பவர்களுக்கும், கழுவாத கீரை, கொத்துமல்லி முதலியவற்றைப் பச்சையாகத் தின்பவர்களுக்கும், நாய்க்குட்டியோடு புழுதியில் விளையாடும் குழந்தைகளுக்கும் முட்டை வயிற்றினுள் செல்கிறது. கட்டியுள்ள ஆட்டின் மாமிசத்தைத் தின்பதனால் மனிதருக்கு இந்நோய் வருவதில்லை. நாயின் மலத்திலுள்ள முட்டையே மனிதருக்கு நோயைத் தருவது.

2. நோய்க் குறிகள்

மனிதரில் பத்தில் ஏழு பேருக்குக் கட்டி ஈரலிலும், இரண்டு பேருக்கு நுரையீரலிலும், மீதியுள்ளோர்க்கு மண்ணீரல், சிறுநீரகம், மூளை, எலும்பு முதலிய இடங்களிலும் உண்டாகிறது. வளர்ச்சி மிக மெதுவானது. வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை பெருகும். சில கட்டிகள் வளராமலே நின்றுவிடுவதும் உண்டு. பால்யத்தில் பிடித்த நோய் நாற்பது வயதில் தெரிய வருவது புதுமையன்று. வலது விலாவின் கீழ் பாரம், மந்தமான வலி, வயிற்றில் கையில் தட்டுப்படும் உருண்டை ஆகியவை ஈரல் கட்டிக்கும், வறட்டு இருமல், மார்பு வலி, சளியில் ரத்தம் ஆகியவை நுரையீரல் கட்டிக்கும் குறிகளாம். ஆனால் பெரும்பாலோர்க்கு யாதொரு குறியும் இராது. சிறுநீர்க் கல்லுக்காகவோ கர்ப்பத்துக்காகவோ வயிற்றை ஸ்கேன் செய்யும்போது எதிர்பாராமல் கட்டி தென்படுவதே அதிகம்.

3. காதுக்குக் கேளாத ஒலியால் எடுக்கும் படம்

கிணற்றின் மேல் நின்று கூப்பிட்டால் குரல் தண்ணீரிலும் பாறையிலும் மோதித் திரும்பி வருகிறது. அல்ட்ராசவுண்டு ஸ்கேனும் இதே தத்துவத்தைக் கொண்டதுதான். வயிற்றின் மேல் வைக்கும் கருவியிலிருந்து விநாடிக்கு 30 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலி உள்ளே செல்கிறது. இது மனிதர் காதுக்குக் கேளாது. ஈரலின் சதையில் மோதித் திரும்பும் ஒலி திரையில் சாம்பல் நிறமாகத் தோன்றும். தெளிந்த நீரில் மோதுவதற்கு ஒன்றுமில்லையாகையால் நீருள்ள இடம் கறுப்பாகத் தோன்றும். சுண்ணாம்பேறிய இடம் ஒலியை முழுவதும் திருப்பிவிடுவதால் வெளுத்துத் தோன்றி, அதன் பின்னே நிழல் விழும். இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை, வலியில்லை, கர்ப்பிணிகளுக்கும் கெடுதலில்லை. ஈரல் கட்டிக்கு முதலில் செய்ய வேண்டிய பரீட்சை இதுவே. கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவியைக் கொண்டு, கெனியா தேசத்தில் ஆடு மாடு மேய்க்கும் துர்க்கானா ஜனங்களை 1980-களில் அவரவர் இருப்பிடத்திலேயே பரீட்சித்து நோயாளிகளைக் கண்டுபிடித்தனர்.

4. கட்டியின் பருவங்கள்

கட்டியின் தோற்றத்தைக் கொண்டு அதை வகை பிரிக்கும் முறையைத் துனிசியா தேசத்து வைத்தியர் ஹஸன் கார்பி முதலானோர் 1981-ல் வெளியிட்டனர். அதைத் திருத்தி உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 2003-ல் வெளியிட்ட முறை இப்பொழுது வழக்கில் இருக்கிறது. அதில் ஸி.இ.1 முதல் ஸி.இ.5 வரை ஐந்து பருவங்கள். தென்னை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இளநீர் வழுக்கையாகித் தேங்காயாகி முடிவில் கொப்பரையாவது போலவே, இக்கட்டியும் பெரும்பாலும் நீரில் தொடங்கி வற்றிக் கெட்டியாவதில் முடிகிறது.

ஸி.இ.1: இளநீர் போன்றது. உள்ளே முழுவதும் நீர். சுவர் இரட்டைக் கோடாகத் தெரியும். நோயாளியைப் புரண்டு படுக்கச் சொன்னால் அடியில் படிந்துள்ள நுண்மணல் கிளம்பிப் பனி தூவுவது போல் தோன்றும். கட்டி உயிரோடு வளரும் பருவம் இது.

ஸி.இ.2: பெரிய கட்டியினுள் பல குட்டிக் கட்டிகள் நெருங்கி, தேன்கூட்டின் அறைகள் போல் தோன்றும். இதுவும் உயிருள்ள பருவமே.

ஸி.இ.3: மாறும் பருவம். இதில் இரண்டு வகை உண்டு. முதலாவதில் உள்தோல் சுவரிலிருந்து கழன்று, குளத்தில் அல்லி இலை மிதப்பது போல் நீரில் மிதக்கும். இரண்டாவதில் கட்டி பெரும்பாலும் கெட்டிப்பட்டிருந்தாலும் இடையிடையே குட்டிக் கட்டிகள் உயிரோடிருக்கும்.

ஸி.இ.4: நீர் வற்றி, உள்தோல் சுருண்டு, ஆட்டு ரோமத்தை உருட்டிவைத்த பந்து போல் காணும். உயிர் ஒடுங்கிய பருவம்.

ஸி.இ.5: சுவர் முழுவதும் சுண்ணாம்பேறிக் கொட்டாங்கச்சி போல் கடினமாகிவிட்ட பருவம்.

இவற்றில் சேராமல், சுவரின் அடையாளம் ஒன்றும் இன்றி வெறும் நீராகக் காணும் கட்டிகளும் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை பிறவியிலேயே உண்டாகும் சாதாரண நீர்க் கட்டிகள், அவற்றால் தீங்கில்லை. ஆகையால் ஸ்கேன் காகிதத்தில் கட்டி என்று எழுதியிருப்பதைக் கண்ட மாத்திரத்தில் பயப்பட வேண்டியதில்லை. அலட்சியம் செய்வதும் கூடாது. எந்தப் பருவம் என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று வைத்தியரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

5. எக்ஸ்ரே, ஸி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள்

காற்று நிறைந்த நுரையீரலை அல்ட்ராசவுண்டு ஒலி சரியாய் ஊடுருவாது. ஆகையால் மார்புக்கு எக்ஸ்ரே படமே முதற்பரீட்சை. அதில் உடையாத கட்டி, வரம்பு தெளிந்த பந்து போல் தெரியும். கட்டியின் தோல்களுக்கிடையே காற்று புகுந்தால் மேல் ஓரத்தில் பிறை போன்ற கறுப்பு வளைவு தோன்றும். இது உடையப்போவதன் எச்சரிக்கை. உடைந்த பின் தோல் சுருண்டு மீதி நீரின் மேல் மிதப்பதும் படத்தில் தெரியும். சளியில் ரத்தத்தைக் கண்டு இதைக் க்ஷயமென்றும், உருண்டையைக் கண்டு புற்றென்றும் எண்ணுவது உண்டு. ஆடு, நாய் இவற்றோடு பழகியவர் என்பதை நோயாளியே வைத்தியரிடம் முன்கூட்டிச் சொல்லுவது மிகுந்த பிரயோஜனமுள்ளது.

ஸி.டி. ஸ்கேன் உடம்பைக் குறுக்காகத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பது போன்ற எக்ஸ்ரே படம். சுண்ணாம்பேறிய சுவர், சுவரிலுள்ள கிழிசல், கட்டியினுள் புகுந்த காற்று, கட்டிக்கும் பெரிய ரத்தக் குழாய்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஆகியவற்றை இது காட்டும். எம்.ஆர்.ஐ. படம் காந்த சக்தியால் எடுப்பது. நீரையும் பித்தக் குழாய்களையும் இது மிகத் தெளிவாகக் காட்டுவதால், கட்டிக்கும் பித்தக் குழாய்க்கும் வழி உண்டாகியிருக்கிறதா என்று அறியவும், மூளை, முதுகெலும்பு இவற்றிலுள்ள கட்டிகளைப் பார்க்கவும் ஏற்றது. எல்லா நோயாளிகளுக்கும் எல்லாப் படங்களும் தேவையில்லை. ஆனால் ஈரலில் கட்டி கண்டால் மார்பையும், மார்பில் கண்டால் ஈரலையும் அவசியம் பரீட்சித்துக்கொள்ள வேண்டும்.

6. ரத்தப் பரீட்சை

காசோனி என்ற இத்தாலிய வைத்தியர் 1912-ஐ ஒட்டிக் கண்டுபிடித்த தோல் பரீட்சை வெகுகாலம் நடந்து வந்தது. அது பல சமயம் தவறான முடிவைக் கொடுத்ததால் கைவிடப்பட்டது. இக்காலத்தில் எலைஸா முதலிய ரத்தப் பரீட்சைகள் படத்துக்குத் துணையாக உதவுகின்றன. நுரையீரல் கட்டியிலும், வற்றிப்போன கட்டியிலும், சுவர் சிறிதும் கசியாத இளங்கட்டியிலும், நோய் இருந்தும் ரத்தத்தில் இல்லை என்று வரக்கூடும். ஆகையால் ரத்தத்தில் இல்லை என்ற ஒன்றைக் கொண்டே நோய் இல்லை என்று முடிவு செய்தலாகாது.

7. உபத்திரவங்கள்

கட்டி சும்மா இருக்கும் வரையில் நோயாளிக்குத் துன்பமில்லை. உடைந்தால் கீழ்க்கண்டவை நேரும்.

(அ) பித்தக் குழாயினுள் உடைதல். குட்டிக் கட்டிகளும் தோல்களும் பித்தக் குழாயை அடைத்து மஞ்சள் காமாலை, குளிர்சுரம், கடும் வலி உண்டாகும். காமாலை என்றவுடன் பச்சிலை கொடுத்து நாள் கடத்துவது கிராமங்களில் சாதாரணம். ஈரலில் கட்டியுள்ளவர்க்குக் காமாலையும் சுரமும் கண்டால், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

(ஆ) வயிற்றறையினுள் உடைதல். விழுந்து அடிபட்டாலோ, மாடு முட்டினாலோ நேரலாம். கட்டியின் நீர் உடம்புக்கு ஒவ்வாத விஷம் போன்றது. உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, நாடி வீழ்ந்து, சில நிமிஷங்களில் உயிருக்கே அபாயம் நேரலாம். பிழைத்தவர்க்கும், சிந்திய ஒவ்வொரு வித்தும் வயிற்றினுள் புதிய கட்டியாக முளைக்கக் கூடும்.

(இ) மூச்சுக் குழாயினுள் உடைதல். இருமும்போது உப்புக் கரிக்கும் நீரும், திராட்சைத் தோல் போன்ற துண்டுகளும் வெளிவரும். வந்ததை எறிந்துவிடாமல் சுத்தமான பாத்திரத்தில் எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

(ஈ) கட்டியில் சீழ் பிடித்தல். சுரமும் வலியும் உண்டாகும். இந்நிலையில் இது அமீபா கிருமியால் வரும் ஈரல் சீழ்க்கட்டியைப் போலவே தோன்றும்.

(உ) எலும்பில் உண்டானால் சிறு அடியில் எலும்பு முறிதலும், முதுகெலும்பில் உண்டானால் கால்கள் செயலற்றுப் போதலும்.

8. ஊசியும் சிகிச்சையும்

ஈரல் சீழ்க்கட்டியை ஊசியால் குத்தி வடிப்பது வழக்கமான சிகிச்சை. ஹைடாடிட் கட்டியைச் சீழ்க்கட்டி என்றோ சாதாரண நீர்க் கட்டி என்றோ எண்ணி அவ்விதமே ஆயத்தமின்றிக் குத்திவிட்டால், மேலே (ஆ) பகுதியில் கூறிய அபாயம் நேரக்கூடும். படத்தில் பருவம் பார்த்த பிறகே எதையும் செய்ய வேண்டும் என்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

பருவமும் அளவும் தெரிந்தபின் சிகிச்சை பின்வருமாறு அமையும். ஸி.இ.1-லும் ஸி.இ.3-ன் முதல் வகையிலும், 5 சென்டிமீட்டருக்கு உட்பட்ட ஈரல் கட்டிக்கு அல்பெண்டசோல் மருந்து மட்டுமே போதுமானதாக இருக்கலாம். அதனினும் பெரியதற்கு, மருந்தைத் தொடங்கிய பின், ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே நுண்ணிய ஊசியால் நீரை எடுத்து, அதில் பித்தம் கலக்கவில்லை என்று நிச்சயித்து, வித்துக்களைக் கொல்லும் உப்புநீரையோ சாராயச் சத்தையோ செலுத்தி, சிறிது நேரம் பொறுத்து மீண்டும் உறிஞ்சிவிடும் முறை உண்டு. இம்முறையும் 1980-களில் துனிசியாவில் தோன்றியதே. எதிர்பாராத அதிர்ச்சிக்கு வேண்டிய மருந்துகளும், பழகிய வைத்தியர்களும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியிலேயே இதைச் செய்யலாம். நுரையீரல் கட்டியை இவ்விதம் குத்தலாகாது. குட்டிக் கட்டிகள் நிறைந்தவற்றுக்கும், மிகப் பெரியவற்றுக்கும், உபத்திரவம் கண்டவற்றுக்கும் பெரும்பாலும் ரண சிகிச்சை வேண்டியிருக்கும். ஸி.இ.4, ஸி.இ.5 பருவங்களில், உபத்திரவமில்லாத கட்டியை ஒன்றும் செய்யாமல் காலாகாலத்தில் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தாலே போதும். வேண்டாத ஆபரேஷனிலிருந்து நோயாளியைக் காப்பாற்றுவதும் படத்தின் உபயோகங்களுள் ஒன்றாகும்.

அல்பெண்டசோல், ஆடுகளுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் மருந்தாகையால் குடியானவர் பலரும் அறிந்ததே. ஆயினும் ஆட்டு மருந்தை மனிதர் தாமாக உட்கொள்ளக் கூடாது. இந்நோய்க்கு அதை மூன்று முதல் ஆறு மாதம் வரை தினமும் இரு வேளை, ஈரலின் நிலையை ரத்தத்தில் சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

சிகிச்சை முடிந்த பின்னும் பல வருஷங்கள் படமெடுத்துப் பார்த்துவர வேண்டும். பழைய படத்தோடு புதியதை ஒப்பிட்டாலன்றி, கட்டி வற்றுகிறதா வளர்கிறதா என்று சொல்ல முடியாது. ஆதலால் நிலத்தின் பட்டாவைப் பத்திரப்படுத்துவது போல, ஸ்கேன் படங்களையும் காகிதங்களையும் தேதி வரிசையில் பத்திரப்படுத்த வேண்டும்.

9. பட்டியில் செய்ய வேண்டியவை

நோயைத் தடுக்கும் அதிகாரம் ஆஸ்பத்திரியில் இல்லை; குடியானவர் கையில் இருக்கிறது. கடைப்பிடிக்க வேண்டியவை:

(1) கட்டியுள்ள ஈரல், நுரையீரல் முதலியவற்றை நாய்க்கு ஒருபோதும் பச்சையாகப் போடக் கூடாது. போடுவதானால் முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்துப் போட வேண்டும். இல்லையேல் எரித்துவிட வேண்டும்.

(2) செத்த ஆட்டைப் புறம்போக்கிலும் வாய்க்காலிலும் எறியாமல், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். 2024, 2025-ஆம் வருஷங்களில் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கங்களில் தெருநாய்கள் பட்டிகளில் புகுந்து ஏராளமான ஆடுகளைக் கடித்துக் கொன்றன. அவ்விதம் மாண்ட ஆடுகளையும் வெளியில் போடாமல், நஷ்டஈட்டுக்கான பார்வை முடிந்தவுடன் புதைத்துவிட வேண்டும்.

(3) பட்டி நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை, கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் வீதம் பிராஸிகுவாண்டல் மருந்தைக் கால்நடை வைத்தியர் சொற்படி கொடுக்க வேண்டும். இம்மருந்து புழுவைக் கொல்லுமேயன்றி முட்டையைக் கொல்லாது. ஆகையால் மருந்து கொடுத்தபின் இரண்டு நாள் நாயைக் கட்டிவைத்து, அதன் மலத்தை எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும்.

(4) கீரை, கொத்துமல்லி, தக்காளிப் பாத்திகளில் நாய் புகாமல் வேலி வேண்டும். பச்சையாகத் தின்பவற்றை நன்றாய்க் கழுவ வேண்டும். நாயைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவக் குழந்தைகளைப் பழக்க வேண்டும்.

10. கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

கோவில்களில் கிடாவெட்டு விருந்து நடக்கும் நாட்களிலும், ஆட்டுச் சந்தைகளின் அருகே ஆடு அறுக்கும் இடங்களிலும் கழிவு மாமிசம் நாய்களுக்கு எட்டும்படி கிடப்பது சகஜம். அந்நாட்களில் முன்கூட்டியே ஒரு குழி வெட்டச் செய்து, கழிவு முழுவதும் அதில் விழுகிறதா என்று கிராம நிர்வாக அதிகாரியும் ஊராட்சியாரும் பார்த்துக்கொண்டால், செலவில்லாமலே பெரும் நன்மை உண்டாகும். இறைச்சிக் கடைக்காரர் ஒரே பட்டியைச் சேர்ந்த ஆடுகளில் அடிக்கடி கட்டிகளைக் கண்டால், கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்கச் செய்ய வேண்டும். உடுமலைப்பேட்டையில் 2020-ல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இத்தாலூகாவினர் ஆலோசனை பெறுவதற்கு அருகிலேயே இருக்கிறது. கட்டி கண்ட பட்டிக்குரிய குடும்பத்தார் ஒருமுறை வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்வது நலம்.

இவ்விதக் கட்டுப்பாடு பயன் தருமா என்ற சந்தேகம் வேண்டியதில்லை. ஆடு வளர்ப்பையே ஜீவனமாகக் கொண்ட ஐஸ்லாந்து தீவில் இந்நோய் ஒரு காலத்தில் மிகக் கொடியதாக இருந்தது. டென்மார்க்கு தேசத்தைச் சேர்ந்த ஹரால்ட் கிராபே என்பவர் 1863-ல் அங்கு சென்று 100 நாய்களை ஆராய்ந்ததில் 28 நாய்களில் இப்புழு இருந்தது. அடுத்த வருஷம் நோயின் காரணத்தையும் தடுக்கும் முறையையும் விளக்கும் ஒரு சிறு புத்தகம் அச்சிடப்பட்டுத் தீவு முழுவதும் வழங்கப்பட்டது. ஸ்கேனும் இல்லை, புழுவைக் கொல்லும் நல்ல மருந்தும் இல்லாத காலம் அது. ஜனங்கள் கழிவு மாமிசத்தை நாய்க்குப் போடுவதை விட்டனர். நாய்களைக் கட்டுப்படுத்தச் சட்டமும் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் நோய் அத்தீவை விட்டே நீங்கியது. நியூஸீலாந்திலும் பல வருஷ முயற்சிக்குப் பின் 2002-ல் நோய் நீங்கியதாகத் தற்காலிகமாய் அறிவிக்கப்பட்டது. ஐஸ்லாந்துக் குடியானவர்களுக்கு முதலில் இருந்தவை குழியும் கவனமுமே. இங்கு அவற்றோடு மருந்தும் படமும் இருக்கின்றன. ஆடு அறுக்குமிடத்தில் குழி, பட்டி நாய்க்கு மருந்து, ஈரலில் கட்டி என்றால் ஊசிக்கு முன் படம் என்ற மூன்றையும் ஒவ்வொரு குடியானவரும் தவறாமல் அனுஷ்டித்தால், இந்நோய் பெரும்பாலும் ஒழிந்துபோகும்.